உதகை பங்களாவில் ஒரு வடிகலம்

சென்னை ராஜதானியின் கோடைத் தலைநகரமாக விளங்கிய உதகமண்டலத்தில், சீஸன் கழிந்ததும் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் பங்களாக்களின் குடிநீர் வடிகலத்துக்கு, கரியும் மணலுமே கதி என்றிருந்த நிலை மாறி, கிருமிகளைத் தடுக்கும் சாமர்த்தியம் வாய்த்தது, 1884-இல் பாரிஸில் சாம்பர்லாண்டு பீங்கான் கேண்டிலையும், 1891-இல் ஜெர்மனியில் பெர்க்கபெல்டு ஒருவகைப் பாசிமண் கேண்டிலையும் சிருஷ்டித்த பிறகுதான். பழுப்பேறிய கேண்டிலை பிரஷ்ஷால் தேய்த்து, கொதிநீரிலிட்டு, நன்றாக உலர்த்திய பிறகே எடுத்துவைக்க வேண்டும். காவற்காரன் சோம்பி ஈரத்தோடு விட்டுவிட்டாலோ, மார்கழி உறைபனியில் நுண்துளைகளில் தங்கிய ஜலம் உறைந்து விரிந்து, கண்ணுக்குப் புலப்படாத மயிரிழை விரிசல் விழும். சித்திரையில் துரை வந்து குழாயைத் திருகும்போது, சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்க வேண்டிய நீர் தாராளமாகக் கொட்டும். அதைக் கண்டு மகிழ்ந்தவர் பாவம், விஷயம் தெரியாதவர்.