ஆற்றுப்படையும் ரிஹ்லாவும்: பயணத்திற்கு முந்திய பாடம்

விழுப்புரம் மாவட்டக் கடலோரத்தில் உப்பளங்களால் அறியப்படும் மரக்காணமே, பழந்தமிழ் நூல்கள் கூறும் எயிற்பட்டினம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இப்பட்டினத்தைப் பாடும் சிறுபாணாற்றுப்படை, ஓய்மா நாட்டுத் தலைவன் நல்லியக்கோடனின் கொடைச் சிறப்பைக் கூறும் நூலாகவே பெரிதும் படிக்கப்பட்டு வந்துள்ளது. அதனைப் பயணம் புறப்படும் ஒரு குழுவிற்கு அளிக்கப்பட்ட முன்பாடமாகவும் நாம் படிக்கலாம்.

பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையுற்ற மற்றொரு பாணனுக்கும் அவன் சுற்றத்தாருக்கும் வழி மட்டும் கூறவில்லை. எயிற்பட்டினத்துப் பரதவர் சுட்ட மீன் அளிப்பர். முல்லை நிலத்து வேலூரில் எயினப் பெண்டிர் ஆமான் இறைச்சியுடன் புளிச்சோறு படைப்பர். மருத நிலத்து ஆமூரில் உழவர் இல்லத்தில் வெண்சோற்றுடன் நண்டு கிடைக்கும். நிலம் மாறுந்தோறும் மனிதரும் உணவும் மாறுவர் என்பதையும், மாறுபட்ட ஒவ்வொன்றும் விருந்தே என்பதையும் அவன் முன்னரே உணர்த்திவிடுகிறான்.

இத்தகைய முன்னறிவு இல்லாதவர்க்கு நேரும் மனத்தடுமாற்றத்தையே இன்று கலாச்சார அதிர்ச்சி என்கிறோம். கலெர்வோ ஓபெர்க் என்னும் மானிடவியலாளர் 1954இல் ரியோ டி ஜெனீரோவில் ஆற்றிய உரையின் வழியே இத்தொடர் பரவலாயிற்று. பழகிய அடையாளங்கள் அனைத்தும் ஒருசேர மறைவதால் எழும் கலக்கம் என்று அவர் அதனை விளக்கினார்.

பெயர் புதிது, பொருள் நமக்குப் பழையது. அறிவு தேடிச் செல்லும் பயணமான ரிஹ்லாவிற்கு அல்கஹ்ஃபு அத்தியாயம் ஒரு முன்மாதிரி தருகிறது. கற்றுக்கொள்ள விரும்பி ஹிள்ரு (அலை) அவர்களைப் பின்தொடரும் மூசா (அலை) அவர்களுக்கு, புறப்படும் முன்பே நிபந்தனை கூறப்படுகிறது. காண்பவற்றின் காரணம் விளங்கும் வரை பொறுத்திருக்க வேண்டும், உடனே வினவலாகாது. இறைத்தூதருக்கே கடினமாயிருந்த இப்பொறுமை, இளம் மாணவர்க்கு இயல்பாக வந்துவிடும் என நாம் எண்ணலாமா?

அரபியர் சோழமண்டலக் கரையை மஅபர் என்றழைத்தனர். கடக்கும் இடம் என்பது அதன் பொருள். மாலத்தீவிலிருந்து இலங்கை வழியாக 1344இல் இம்மஅபரை அடைந்தவர் இப்னு பதூதா. மாலத்தீவில் அவர் காஜியாகப் பணியாற்றினார். தீவினரின் இறைப்பற்றை அவரே போற்றுகிறார். ஆயினும் மகளிர் மேலாடை அணியாத வழக்கம் அவரைத் திடுக்கிடச் செய்தது. அதனை மாற்ற முயன்றார். வழக்கிற்காகத் தம் முன் வந்தோரிடம் மட்டுமே அது கைகூடியது. பின்னர் அமைச்சருடன் பிணக்கு முற்றவே, தீவை விட்டே வெளியேறினார். முஸ்லிம் நாடுதானே, ஆயத்தம் எதற்கு என்போர்க்கு இது தக்க விடையாகும். மார்க்கம் ஒன்றாயினும் வழக்கம் ஒன்றாவதில்லை.

குழுவாகக் கற்கச் செல்வோர்க்கு மற்றொரு வரலாறும் உண்டு. எகிப்தின் ஆட்சியாளர் முஹம்மது அலி 1826இல் நாற்பதுக்கும் மேற்பட்ட மாணவரைப் பாரிஸுக்கு அனுப்பினார். அவர்களுக்கு இமாமாகச் சென்றவர் அல்அஸ்ஹரில் பயின்ற ரிஃபாஆ அத்தஹ்தாவி. அவருடைய ஆசிரியர் ஹசன் அல்அத்தார், பிரெஞ்சுப் படை கெய்ரோவில் இருந்த காலத்தில் அந்நாட்டு அறிஞர்களுடன் பழகியவர். காண்பவற்றைக் கவனித்து எழுதுமாறு மாணவரைப் பணித்தவர் அவரே. மார்ஸேல் துறையில் நாற்காலியும் மேசையும் கத்தியும் முள்கரண்டியும் ஆளுக்கொரு தட்டும் வந்தபோது, தஹ்தாவி வெறுக்கவுமில்லை, மயங்கவுமில்லை, குறித்துக்கொண்டார். பாரிஸில் அனைவரும் ஒரே வீட்டில் தங்கியிருந்தவரை பிரெஞ்சு மொழி அவர்களுக்கு வசப்படவில்லை. வெவ்வேறு பள்ளி விடுதிகளில் பிரித்து வைக்கப்பட்ட பின்னரே வசப்பட்டது. தொழுகைக்குத் தலைமை தாங்கச் சென்ற இமாமே குழுவின் தலைசிறந்த மாணவராகி 1831இல் திரும்பினார். அவருடைய பயண நூல் 1834இல் அச்சேறியது.

இன்று நம் கல்லூரிகளும் மதரஸாக்களும் மாணவரைக் குழுவாக அயல்நாடுகளுக்கு அனுப்பும்போது கடவுச்சீட்டு, விசா, ஹலால் உணவு ஆகியவற்றோடு ஆயத்தம் முடிந்துவிடுகிறது. எது மார்க்கம், எது நம் ஊர் வழக்கம் என்று பிரித்தறியும் பயிற்சியை யார் தருகிறார்? அப்பயிற்சி பெறாத மாணவன் இரண்டிலொரு பிழை செய்வான். தன் வழக்கத்தையே மார்க்கமெனக் கருதி, தன் குழுவிற்குள் அடைந்து, எதையும் கல்லாது திரும்புவான். அன்றேல் வழக்கத்தைத் துறக்கும்போது மார்க்கத்தையும் சேர்த்தே துறப்பான்.

ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே மாந்தர் பல சமூகங்களாக ஆக்கப்பட்டனர் என்பது திருக்குர்ஆனின் போதனை. முன்பு சென்று வந்தவர் புதிதாகச் செல்வோர்க்கு வழி கூறும் மரபும் நம் மண்ணிலேயே இருக்கிறது. சென்று திரும்பிய மாணவரை அழைத்து, புறப்படவிருப்போர் முன் பேசச் செய்வதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை; ஒரு மாலைப்பொழுது போதும்.