யாரிடம் கேட்பது? மருத்துவ மஸ்அலாக்களில் முன்னோர் காட்டிய வழி



இன்று நம் சமுதாயத்துக் குடும்பம் ஒன்றில் எவரேனும் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டுவிட்டால், வாட்ஸ்அப் வழியே ஃபத்வாக்கள் வரிசையாக வரத் தொடங்கிவிடுகின்றன. வெண்டிலேட்டரை அகற்றலாமா? மூளைச்சாவு என்று மருத்துவர் கூறினால் அது மவ்த் ஆகிவிட்டதாகப் பொருளா? உறுப்பு தானத்திற்குக் கையொப்பம் இடலாமா? ஒவ்வொரு கேள்விக்கும் ஆகும் என்று ஒரு குரல்பதிவு. ஆகாது என்று மற்றொரு குரல்பதிவு. பேசியவர் யார், எங்கு ஓதியவர், எந்த ஆண்டில் எந்த நோயாளியைக் குறித்துப் பேசினார் என்ற விவரம் எதுவும் இருப்பதில்லை. ஆனால் அதை நம்பி எடுக்கப்படும் முடிவோ ஓர் உயிரைப் பற்றியது.

மருத்துவமும் மார்க்கமும் சந்திக்கும் இடத்தில் நம்பத்தக்க தகவலை எங்கே தேடுவது என்னும் இக்கேள்வி நம் காலத்தில் புதிதாகப் பிறந்தது அன்று. இந்த உம்மத் தொடக்கம் முதலே அதனை எதிர்கொண்டு வந்துள்ளது. அந்த வரலாற்றின் சில பக்கங்களை இங்கு புரட்டிப் பார்ப்போம்.

முதல் பக்கம் நபி (ஸல்) அவர்களின் காலத்துப் பயணம் ஒன்றில் நிகழ்ந்தது. ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் அச்செய்தி அபூதாவூத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. பயணத்தில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம் ஏற்பட்டது. பின்னர் உறக்கத்தில் அவருக்குக் குளிப்பு கடமையாயிற்று. காயத்தோடு குளிக்க வேண்டுமா, தயம்மும் செய்துகொள்ளச் சலுகை உண்டா என்று உடன் வந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று அவர்கள் கூறிவிட்டனர். அவரும் குளித்தார், இறந்துபோனார். செய்தி நபி (ஸல்) அவர்களிடம் எட்டியபோது அவர்கள் மிகக் கடுமையாகச் சினந்தார்கள். அம்மனிதரைக் கொன்றவர்கள் அவ்வாறு கூறியவர்களே என்றார்கள். தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா என்றும், அறியாமைக்குக் கேட்டுத் தெளிவதே மருந்து என்றும் உணர்த்தினார்கள். காயத்தின் மீது துணி கட்டி மஸஹு செய்வது பற்றி இந்த அறிவிப்பின் இறுதியில் வரும் கூடுதல் வாசகத்தின் தரம் குறித்து ஹதீஸ் கலை அறிஞர்களிடையே பேச்சு உண்டு. ஆயினும் அடிப்படைச் சம்பவம் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் வழியாகவும் வந்துள்ளது.

இச்சம்பவத்தை நாம் நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். பதில் கூறியவர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர்; நபித்தோழர்கள். தண்ணீர் உள்ளவருக்குத் தயம்மும் இல்லை என்ற பொதுச்சட்டத்தையும் அவர்கள் அறிந்தே இருந்தார்கள். அவர்கள் கவனிக்கத் தவறியது அந்த மனிதரின் காயத்தை. சட்டம் தெரிந்திருந்தும் நோயாளியின் நிலை தெரியாவிட்டால் ஃபத்வா உயிரைப் பறித்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஒரு விஷயத்தை உள்ளபடி விளங்கிக்கொண்ட பின்னரே அதன் மீது தீர்ப்புக் கூற முடியும் என்று உஸூல் கலை அறிஞர்கள் பிற்காலத்தில் விதி வகுத்தார்கள். அவ்விதியின் உயிர்நாடி இந்நிகழ்வில் துடிப்பதை நாம் காணலாம்.

மறுபக்கம், மருத்துவரின் பொறுப்பையும் நபி (ஸல்) அவர்கள் வரையறுத்தார்கள். மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அதற்கு அவரே பொறுப்பாளி என்னும் கருத்துடைய ஹதீஸ் அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் உள்ளது. ஹிஜ்ரி 751இல் (கி.பி. 1350) மறைந்த இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார்கள். கலையில் தேர்ந்து, அதற்குரிய முறைப்படி, அனுமதி பெற்றுச் சிகிச்சை செய்தவரின் கையில் நோயாளி இறந்தால் அவர் மீது ஈட்டுத்தொகை இல்லை. அறியாமல் கைவைத்தவர் தப்ப முடியாது என்று அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். ஆக, கேட்பவருக்கு இரு கடமைகள் ஏற்பட்டன. மார்க்கத் தீர்ப்பை அறிந்தவரிடம் கேட்க வேண்டும். நோயின் உண்மை நிலையை அதற்குரியவரிடம் கேட்க வேண்டும்.

அதற்குரியவர் யார் என்று எப்படி அறிவது? ஹிஜ்ரி 319இல் (கி.பி. 931) பக்தாத் நகரில் இக்கேள்வி அரசின் கவலையாகவே மாறியது. மருத்துவர் ஒருவரின் தவறான சிகிச்சையால் ஒருவர் இறந்துவிட்டார் என்ற செய்தி கலீஃபா அல்முக்ததிருக்கு எட்டியது. தேர்வில் தேறாத எவரும் இனி மருத்துவம் செய்யக் கூடாது என்று அவர் ஆணையிட்டார். தேர்வு நடத்தும் பொறுப்பு ஸினான் இப்னு ஸாபித் என்னும் தலைமை மருத்துவரிடம் ஒப்படைக்கப்பட்டது. புகழ்பெற்றவர்களையும் அரண்மனைப் பணியில் இருந்தவர்களையும் விடுத்து, பக்தாதின் இரு கரைகளிலும் 860க்கும் மேற்பட்டோர் தேர்வுக்கு வந்தனர் என்று வரலாற்றாசிரியர்கள் பதிந்துள்ளனர்.

அத்தேர்வைப் பற்றி இப்னுல் கிஃப்தீ ஒரு சுவையான செய்தியைத் தருகிறார். நல்ல உடையும் கம்பீரத் தோற்றமும் கொண்ட முதியவர் ஒருவர் வந்தார். ஸினான் அவரைப் பெரிய ஆசான் என்று எண்ணி மரியாதையோடு அமர்த்தினார். அனைவரும் சென்ற பின் அம்முதியவர் பொற்காசுகளை எடுத்து வைத்து, தமக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றும், குடும்பம் இந்தத் தொழிலை நம்பியே இருக்கிறது என்றும் வேண்டினார். ஸினான் அவருக்கு ஒரு வரம்பு விதித்தார்: தெரியாத நோயில் கை வைக்கக் கூடாது, இரத்தம் எடுப்பதையோ கடும் பேதி மருந்தையோ எளிய நோய்களைத் தாண்டிப் பரிந்துரைக்கக் கூடாது. சாதாரணப் பானகங்களுக்கு மேல் தாம் எதையும் கொடுத்ததில்லை என்று முதியவர் ஒப்புக்கொண்டார். மறுநாள் வந்த இளைஞர் ஒருவர், தாம் கற்றது அதே முதியவரிடம் என்றார். அவருக்கும் அதே வரம்பு விதிக்கப்பட்டது.

படிப்போர் புன்னகைக்கக்கூடும். எனினும் இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. தோற்றமும் பேச்சும் அறிவுக்குச் சான்றாகா. ஒருவர் தம் எல்லையை அறிந்து, அதற்கு அப்பால் தெரியாது என்று கூறுவாராயின், அந்த எல்லைக்குள் அவரை நம்பலாம்.

தேர்வோடு கண்காணிப்பு முடிந்துவிடவில்லை. 12ஆம் நூற்றாண்டில் அஷ்ஷைஸரீ எழுதிய ஹிஸ்பா நூல், சந்தைகளையும் தொழில்களையும் மேற்பார்வையிடும் முஹ்தஸிபுக்கு வழிகாட்டுவது. மருத்துவர்களிடம் உறுதிமொழி பெற வேண்டும் என்று அது கூறுகிறது: எவருக்கும் நஞ்சு தரக் கூடாது, கருவைக் கலைக்கும் மருந்துகளைச் சொல்லித்தரக் கூடாது, நோயாளியின் இரகசியங்களை வெளியிடக் கூடாது. மேலும், மருத்துவர் தாம் கண்ட நோயையும் கொடுத்த மருந்தையும் எழுதி, அதன் படியை நோயாளியின் உறவினரிடம் கொடுக்க வேண்டும். நோயாளி இறந்துவிட்டால் அந்தத் தாள்களை உறவினர் தலைமை மருத்துவரிடம் காட்டலாம். சிகிச்சை முறைப்படி நடந்திருந்தால் அவர் அதைக் கூறுவார். குறை இருந்தால் மருத்துவரிடமிருந்து ஈட்டுத்தொகை பெறும்படி கூறுவார். சிகிச்சைக் குறிப்பைக் கேட்டுப் பெறுவது குடும்பத்தின் உரிமை என்பது எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

மருத்துவர் முஸ்லிமாக இருக்க வேண்டுமா என்ற கேள்வியும் அக்காலத்தில் எழுந்தது. நோன்பை விடுதல், தயம்மும் செய்தல் போன்ற வணக்கம் சார்ந்த சலுகைகளில் நேர்மையான முஸ்லிம் மருத்துவரின் சொல் வேண்டும் என்று ஃபிக்ஹு அறிஞர்கள் பலர் நிபந்தனை வைத்தனர். இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரத்துப் பயணத்தைச் சுட்டிக்காட்டினார்கள். உயிருக்கு ஆபத்தான அப்பயணத்தில் நபி (ஸல்) அவர்களுக்கு வழிகாட்டியவர் அப்துல்லாஹ் இப்னு உரைகித். அவர் அப்போது இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை. ஆனால் வழியில் தேர்ந்தவர், நம்பிக்கைக்குரியவர். இதிலிருந்து, மருத்துவம் போன்ற துறைகளில் நம்பத்தக்க முஸ்லிமல்லாதாரின் சொல்லை ஏற்கலாம் என்று அவர்கள் விளக்கினார்கள். கலீஃபா அல்முதவக்கிலின் அவையில் கிறிஸ்தவ மருத்துவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் பகைவனைக் கொல்ல நஞ்சு தயாரிக்க மறுத்துச் சிறை சென்றார் என்றும், தம் மார்க்கமும் தொழிலும் அதற்கு இடம் தரவில்லை என்று கூறினார் என்றும் வரலாறு பேசுகிறது. திறமையும் அமானிதமும் சேர்ந்த இடத்தையே நம் முன்னோர் தேடினார்கள்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1967ஆம் ஆண்டு டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் முதல் இதய மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. 1968இல் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு மூளைச்சாவுக்கு இலக்கணம் வகுத்தது. இதயம் கருவியின் துணையோடு துடித்துக்கொண்டிருக்க, மனிதர் இறந்துவிட்டார் என்று சொல்லப்படும் நிலை முதன்முறையாக ஏற்பட்டது. முந்தைய கிதாபுகளில் இதற்கு நேரடி விடை இல்லை.

உலமாக்கள் என்ன செய்தார்கள்? 1985 ஜனவரியில் குவைத்தில், மனித உயிரின் தொடக்கமும் முடிவும் என்ற பொருளில் மருத்துவர்களும் ஃபிக்ஹு அறிஞர்களும் ஒரே அவையில் அமர்ந்து கலந்தாய்ந்தனர். அதே ஆண்டின் இறுதியில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, இன்னும் ஆய்வு தேவை என்று முடிவை ஒத்திவைத்தது. உலகின் பெரும் அறிஞர்கள் கூடிய சபை, அவசரப்படாமல் மேலும் தகவல் கேட்டது! 1986 அக்டோபரில் அம்மானில் கூடியபோதுதான் தீர்மானம் வந்தது: இதயமும் சுவாசமும் முழுமையாக நின்று, அது மீளாது என்று மருத்துவர்கள் முடிவு செய்தாலோ, மூளையின் செயல்கள் அனைத்தும் முழுமையாக நின்று, அது மீளாது என்றும் மூளை சிதையத் தொடங்கிவிட்டது என்றும் துறை வல்லுநர்கள் முடிவு செய்தாலோ, அவர் இறந்தவராகக் கருதப்படுவார்; கருவிகளை அகற்றலாம்.

மறு ஆண்டு, 1987இல், ராபிதாவின் கீழ் மக்காவில் இயங்கும் ஃபிக்ஹு சபை இதே பொருளை ஆராய்ந்தது. மீளாத மூளைச்சாவு உறுதியானால் கருவிகளை அகற்றலாம் என்பதை அதுவும் ஏற்றது. ஆனால் கருவி அகற்றப்பட்டு, இதயமும் சுவாசமும் முழுமையாக நின்ற பின்னரே மவ்த் என்று ஷரீஅத் தீர்ப்புக் கூறும் என்று வேறுபட்டது. 1988 பிப்ரவரியில் ஜித்தாவில் கூடிய அகாடமி, உறுப்பு மாற்றுக்கு நிபந்தனைகளோடு அனுமதி அளித்தது: பெறுபவரின் உயிரோ, அடிப்படையான உடலியக்கமோ அதைச் சார்ந்திருக்க வேண்டும், இறந்தவர் முன்பே சம்மதித்திருக்க வேண்டும், அல்லது வாரிசுகள் சம்மதிக்க வேண்டும், விற்பனை அறவே கூடாது. இதற்கு முன்பே பாகிஸ்தானின் முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்களும் கராச்சி உலமாக்களும் உறுப்பு மாற்றைக் கூடாது என்று கூறியிருந்தனர். துணைக்கண்டத்தில் அக்கருத்தைப் பின்பற்றும் அறிஞர்கள் இன்றும் உள்ளனர்.

இவ்வேறுபாடு ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு முக்கியம் என்பதைப் பாருங்கள். மூளைச்சாவு அடைந்தவரின் இதயத்தைத் தானமாகப் பெறுவது, அது துடிக்கும் நிலையிலேயே நடப்பது. அம்மான் தீர்மானத்தின்படி அவர் மய்யித். மக்கா தீர்மானத்தின்படி அந்நேரத்தில் இன்னும் மய்யித் என்ற தீர்ப்பு வரவில்லை. ஆகவே, இஸ்லாத்தில் அனுமதி உண்டு என்றோ இல்லை என்றோ ஒரே வரியில் சொல்லும் குரல்பதிவு, கருத்து எதுவாயினும், பாதித் தகவலையே தருகிறது.

நம் நாட்டில் 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் உறுப்பு வணிகத்தைக் குற்றமாக்கியது. மூளைத்தண்டுச் சாவை நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு சான்றளிக்க வேண்டும். சோதனைகள் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை நடத்தப்பட வேண்டும். ஸினானின் தேர்வும் முஹ்தஸிபின் தாளும் வேறு வடிவில் இங்கு தொடர்வதாகவே நாம் கருதுகிறோம்.

எனவே, இத்தகைய சோதனை நேர்ந்தால் முதலில் மருத்துவரிடம் செல்வோம். இது கோமாவா, மூளைச்சாவா என்று தெளிவாகக் கேட்போம். கோமாவில் இருப்பவர் உயிரோடிருப்பவர். அவருக்கு மூளைச்சாவின் சட்டம் பொருந்தாது. இருமுறை சோதனை முடிந்ததா, சான்று எழுதப்பட்டதா என்று கேட்டு, தாளைக் கையில் வாங்குவோம். பிறகு அந்தத் தாளோடு, நாம் அறிந்த, நம்மை அறிந்த ஆலிமிடம் செல்வோம். அவர் எந்தச் சபையின் முடிவைக் கூறுகிறார், மாற்றுக் கருத்து உண்டா என்று அடக்கத்தோடு கேட்போம். இன்னும் விசாரித்துச் சொல்கிறேன் என்று அவர் கூறினால் அதைக் குறையாக எண்ண வேண்டாம். ஜித்தாவில் கூடியவர்களும் அதைத்தான் கூறினார்கள். பெயரில்லாத குரல்பதிவை எவருக்கும் அனுப்பாதிருப்போம். அது போய்ச் சேரும் வீட்டில் தலைக்காயத்தோடு ஒருவர் படுத்திருக்கக்கூடும்.

இவற்றையெல்லாம் உடல்நலம் உள்ளபோதே பெற்றோரும் பிள்ளைகளும் வீட்டில் அமர்ந்து பேசி வைப்பது மிக நன்று. கண்ணீரோடு நிற்கும் வேளையில் சிந்தனை தெளிவாக இருப்பதில்லை.

தெரியாததைத் தெரியாது என்று கூறும் பணிவையும், தெரிந்தோரிடம் கேட்டு நடக்கும் தவ்ஃபீக்கையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! நம்மில் நோயுற்றோருக்கு முழுமையான ஷிஃபாவை அளிப்பானாக! ஆமீன்.