கொடும்பாளூரில் கட்டட அனுமதி

புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலை அருகேயுள்ள கொடும்பாளூரில், மூவர் கோயிலைச் சுற்றிக் கட்டடம் எழுப்புவதற்கான விண்ணப்பங்கள் ஊராட்சியோடு முடிவதில்லை. இருக்குவேளிர் மரபின் பூதி விக்கிரமகேசரி எடுப்பித்த இக்கோயிலின் 3 கருவறைகளில் 2 நிலைத்துள்ளன. மூன்றாவதன் அடித்தளம் மட்டுமே எஞ்சியுள்ளது. இந்தியத் தொல்லியல் துறை இக்கோயிலைப் பாதுகாக்கிறது.

எல்லைகள்: 1958-ஆம் ஆண்டு தொன்மைச் சின்னங்கள் சட்டத்தின் 2010 திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அங்கே புதுக் கட்டடம் கூடாது, பழுதுபார்ப்புக்கும் அனுமதி வேண்டும். அடுத்த 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி. அங்கே முன் அனுமதி பெற்றே கட்டலாம்.

நடைமுறை: உரிமையாளர் இச்சட்டம் குறிப்பிடும் ‘தகுதி வாய்ந்த அலுவலரிடம்’ விண்ணப்பிக்க வேண்டும். அவர் அதை 15 நாட்களுக்குள் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்புவார். ஆணையம் 2 மாதத்துக்குள் பரிந்துரைக்கும். அது கிடைத்த ஒரு மாதத்துக்குள் அலுவலர் முடிவைத் தெரிவிக்க வேண்டும்.

ஊராட்சியின் பங்கு: 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சித் தலைவரே செயல் அலுவலர். வார்டு உறுப்பினர்கள் ஊராட்சிக் கூட்டத்திலும், ஊர் மக்கள் கிராம சபையிலும் கட்டுமானம் பற்றிய ஆட்சேபங்களை எழுப்பலாம். ஆனால், ஊராட்சித் தீர்மானம் மத்தியச் சட்டத்தின் தடையை நீக்காது. அச்சட்டத்தை மீறிக் கட்டுவோருக்கு 2 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். எனவே, அடிக்கல் நாட்டுமுன் மனை எந்த எல்லைக்குள் வருகிறது என்று எழுத்து வடிவில் உறுதிசெய்துகொள்வது உரிமையாளருக்கும் கோயிலுக்கும் நல்லது.