எக்ஸ்டெண்டர் போட்டும் நெட் ஸ்லோவா? ‘பேக்ஹால்’ பாதையைத் தனியாகப் பிரிப்பது எப்படி?

பெங்களூரு வாடகை வீடுகளில் ஃபைபர் இணைப்பு பெரும்பாலும் ஹாலோடு நின்றுவிடும். நீங்கள் வேலை பார்ப்பதோ கடைசி பெட்ரூமில். சுவரில் துளை போட ஓனர் சம்மதிப்பதில்லை. அதனால் நடுவில் ஒரு வைஃபை எக்ஸ்டெண்டர் வாங்கி மாட்டுகிறீர்கள். லேப்டாப்பில் சிக்னல் ஃபுல்லா காட்டுது. ஆனால் காலை 10 மணி மீட்டிங்கில் உங்கள் முகம் அப்படியே உறைந்து நிற்கிறது.

அந்த ஃபுல் சிக்னல், லேப்டாப்புக்கும் எக்ஸ்டெண்டருக்கும் நடுவிலான நிலவரத்தை மட்டும்தான் சொல்கிறது. எக்ஸ்டெண்டருக்கும் ரூட்டருக்கும் நடுவே இன்னொரு பாதை இருக்கிறது. அதற்குப் பெயர்தான் பேக்ஹால். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான்.

வேகம் ஏன் பாதியாகிறது?

சாதாரண எக்ஸ்டெண்டர், ரூட்டரிடம் வாங்கிய தகவலை அதே சேனலில் உங்களுக்குத் திரும்ப அனுப்புகிறது. அதாவது, ஒரே தகவல் காற்றில் இரண்டு தடவை பயணிக்கிறது. உதாரணத்துக்கு, அந்த சேனலில் 120 எம்பிபிஎஸ் கிடைக்கும் என்றால், உங்கள் கைக்கு வருவது அதிகபட்சம் 60 தான்.

அபார்ட்மென்ட்டில் நிலைமை இன்னும் மோசம். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பேண்டில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று. மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு எல்லாம் இந்த மூன்றுக்குள்தான் நெருக்கியடிக்க வேண்டும்.

தேனியில் என்ன செய்தார்கள்?

2000-களின் நடுவில், தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களோடு இணைக்கும் வேலையில் பெர்க்லி கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இறங்கினார்கள். நோயாளி ஊரில், டாக்டர் தேனியில், நடுவில் வீடியோ கால். இதற்கு அவர்கள் எடுத்தது விலை குறைந்த வைஃபை கருவிகளைத்தான்.

கிலோமீட்டர் கணக்கான தூரத்துக்கு அது தாங்கியதற்கு இரண்டு காரணங்கள். ஆன்டெனாக்கள் நேருக்கு நேர் திருப்பி வைக்கப்பட்டன. இரு முனைகளும் முறை வைத்துப் பேசும்படி மென்பொருள் மாற்றப்பட்டது. ‘வைல்டுநெட்’ என்ற பெயரில் 2007-ல் இது ஆய்வுக் கட்டுரையாகவும் வந்தது. இரண்டு புள்ளிகளை இணைக்கும் பாதைக்கு அந்த ஒரு வேலையை மட்டும் கொடுத்தால் அது நம்பகமாக ஓடும். உங்கள் வீட்டுக்கும் இதே கணக்குதான்.

வீட்டில் செய்வது எப்படி?

புதிதாக எதையும் வாங்கும் முன், கையில் இருப்பது டூயல் பேண்ட் எக்ஸ்டெண்டரா என்று பாருங்கள். ஆம் என்றால் பேக்ஹாலுக்கு 5 ஜிகாஹெர்ட்ஸ், லேப்டாப்புக்கு 2.4 என்று பிரித்துவிடலாம்.

1. முதலில் அளந்துவிடுங்கள். ரூட்டர் பக்கத்தில், எக்ஸ்டெண்டர் பக்கத்தில், உங்கள் மேஜையில் என மூன்று இடங்களிலும் ஒரே கருவியில் மூன்று முறை ஸ்பீடு டெஸ்ட் எடுங்கள். பிங் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2. எக்ஸ்டெண்டரை சிக்னல் செத்துப்போன அறையில் வைக்காதீர்கள். ரூட்டருக்கும் அந்த அறைக்கும் பாதி வழியில், முடிந்தால் ஒரே ஒரு சுவர் குறுக்கே இருக்கும்படி வையுங்கள். 5 ஜிகாஹெர்ட்ஸுக்குச் சுவர்தான் முதல் எதிரி.

3. ரூட்டர் செட்டிங்ஸில் ‘ஸ்மார்ட் கனெக்ட்’டை அணைத்து, இரண்டு பேண்டுக்கும் வேறு வேறு பெயர் கொடுங்கள். 5 ஜிகாஹெர்ட்ஸ் சேனலை ‘ஆட்டோ’வில் விடாமல் 36 முதல் 48-க்குள் ஒன்றில் நிறுத்துங்கள். 52 முதல் 144 வரையிலான சேனல்களில் ரேடார் சிக்னல் தென்பட்டால் ரூட்டர் இடம் மாறும் என்பதால், இணைப்பு அறுந்து திரும்ப வரலாம்.

4. எக்ஸ்டெண்டரை ரூட்டரின் 5 ஜிகாஹெர்ட்ஸ் பெயரோடு மட்டும் இணையுங்கள். எக்ஸ்டெண்டர் வெளியே தரும் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையை அணைத்துவிடுங்கள். டிபி-லிங்க்கில் இந்த வசதிக்கு ‘ஹை ஸ்பீடு மோட்’ என்று பெயர், நெட்கியரில் ‘ஃபாஸ்ட்லேன்’. எல்லா மாடல்களிலும் இருக்காது.

5. எக்ஸ்டெண்டரின் 2.4 ஜிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் வையுங்கள். ரூட்டர் 1-ல் இருந்தால் இதை 6 அல்லது 11-ல் போடுங்கள்.

6. அதே மூன்று இடங்களில் திரும்பவும் அளங்கள்.

இதில் என்ன இழப்பு?

மேஜைக்கு வருவது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் என்பதால் 300 எம்பிபிஎஸ் பிளானின் முழு வேகமும் கிடைக்காது. ஆனால் ஒரு எச்.டி. வீடியோ காலுக்கு 4 எம்பிபிஎஸ் போதும். மீட்டிங்குக்கு வேகத்தைவிட நிதானமான இணைப்புதான் முக்கியம்.

பெரிய ஃபைல்களை அடிக்கடி ஏற்றுகிறீர்கள், வீட்டில் மூன்று பேர் ஒரே நேரத்தில் வேலை பார்க்கிறீர்கள் என்றால் ட்ரை பேண்ட் மெஷ் செட் பார்க்கலாம். அதில் பேக்ஹாலுக்கென்றே ஒதுக்கக்கூடிய மூன்றாவது ரேடியோ இருக்கும். ‘மெஷ்’ என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தாலே போதாது. டூயல் பேண்ட் மெஷ்ஷிலும் பேக்ஹாலும் லேப்டாப்பும் ஒரே ரேடியோவைப் பங்குபோடும்.

அதற்கும் முன்னால் ஒரு மலிவான வழி உண்டு. தட்டையான ஈதர்நெட் கேபிளைச் சுவரோரமாக ஒட்டிக் கொண்டுபோனால் துளையும் வேண்டாம், ஓனரிடம் கேட்கவும் வேண்டாம். கதவிடுக்கில் கேபிள் நுழையுமா என்று பார்த்துவிட்டு, அப்புறம் கார்டைத் தேய்க்கலாம்.