சேப்பாக்கம் எழுந்து நின்ற நாள்

சித்தூரில் பிறந்து திருப்பதியில் குடியேறிய என்னைப் போன்றவர்களுக்குச் சேப்பாக்கம் வெளியூர் மைதானம் அல்ல. 1952 பிப்ரவரியில் இங்கிலாந்தை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் வீழ்த்தி இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது அங்கேதான். அன்று சித்தூர் ஜில்லாவும் சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்தது. 1953 அக்டோபர் 1-ஆம் தேதி நாம் ஆந்திரக்காரர் ஆனோம். ஆனாலும் மேட்ச் என்றால் மெட்ராசுக்குப் பஸ் ஏறும் பழக்கம் போகவில்லை. வெற்றியை எந்த ஊரும் கொண்டாடும்; நான் எழுத வந்தது அதே மைதானத்தில் கண்ட ஒரு தோல்வியைப் பற்றி.

1999 ஜனவரி. சுமார் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் பாகிஸ்தான் டெஸ்ட் ஆட இந்தியா வந்தது. எதிர்ப்பாளர்கள் டெல்லி ஆடுகளத்தைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். முதல் டெஸ்ட் சேப்பாக்கத்துக்கு மாறியது. போலீஸ் காவலோ சொல்லி மாளாது.

வெற்றிக்கு 271 ரன் தேவை. ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை, இந்தியா 82-க்கு 5 விக்கெட். அப்புறம் சச்சின் டெண்டுல்கரும் நயன் மோங்கியாவும் சேர்ந்து 136 ரன் எடுத்தார்கள். முதுகுவலியோடு ஆடிய சச்சின் 136-இல் சக்லைன் முஷ்டாக்கின் பந்தில் அவுட். பாக்கி 17 ரன்தான். கையில் மூன்று விக்கெட். அந்த மூன்றும் நான்கே ரன்னில் போயின. 12 ரன்னில் தோல்வி. சச்சின் ஆட்டநாயகன் பரிசை வாங்கக்கூட வெளியே வரவில்லை, உள்ளே அழுதுகொண்டிருந்தார்.

திருப்பதியில் நான் படாரென்று டி.வி.யை அணைத்துவிட்டேன். அதனால் சரித்திரத்தையே கோட்டை விட்டேன். கூட்டம் சில நிமிடம் வாயடைத்துப் போய், பிறகு எழுந்து நின்று கை தட்டியிருக்கிறது. வாசிம் அக்ரமின் அணி கொக்கரிக்கவில்லை. நன்றி சொல்வதுபோல் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தது.

"சென்னை ரசிகர்கள் விஷயம் தெரிந்தவர்கள்" என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை. மூன்றே வாரத்தில், அதே பாகிஸ்தானுடன் கொல்கத்தாவில் ஆடியபோது, சச்சின் ரன் அவுட் ஆனதும் கலாட்டா. கடைசியில் ரசிகர்களை வெளியேற்றிவிட்டு, காலி அரங்கில் ஆட்டத்தை முடித்தார்கள். கொல்கத்தாக்காரர்களுக்கா கிரிக்கெட் தெரியாது? சேப்பாக்கத்தில் வேலை செய்தது ஆட்ட ஞானத்தைவிட விருந்தோம்பல் என்றே நினைக்கிறேன். மிரட்டலையும் மீறி வந்தவர்கள், நன்றாக ஆடி ஜெயித்தார்கள். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்புவதா? 1997 மே 21-ஆம் தேதி இதே மைதானத்தில் சயீத் அன்வர் 194 ரன் அடித்து நம்மை நொறுக்கியபோதும் கூட்டம் எழுந்து நின்றுதான் கை தட்டியது.

வெளிமாநிலத்தில் வாழும் நாம் இதை "நம்ம ஊர்ப் பெருமை" என்று சொல்லிக்கொள்கிறோம். டி.வி.யை அணைத்த எனக்கு அதில் என்ன பங்கு? அன்று மைதானத்தில் இருந்த என் மாமா, ராத்திரி கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினார். கைதட்டல் கதையை அவர் சொல்லித்தான் கேட்டேன். "நீங்களும் எழுந்து நின்னீங்களா மாமா?" என்றேன்.

"நான் என்னமோ பெரிய மனசோட எழுந்தேன்னு நினைக்காதே. முன்வரிசையில இருந்தவன் எழுந்துட்டான், ஒண்ணும் தெரியலை. பார்க்கத்தான் எழுந்தேன். அப்புறம் பார்த்தா, கை தானா தட்டிக்கிட்டிருக்கு."