முதுமையும் விற்றமின் பி12 குறைவும்: ஒரு வரலாற்று நோக்கு

முதியவர் ஒருவர் கால் விறைக்கின்றது என்றாலும், நடக்கையில் தடுமாற்றம் வருகின்றது என்றாலும், நேற்று நிகழ்ந்தது இன்று நினைவில் இல்லை என்றாலும், "வயது போய்விட்டது, வேறென்ன?" என்று கூறி அமைதல் எங்கும் உள்ள வழக்கம். பெரும்பாலும் அக்கூற்று மெய்யே. ஆயினும் சிலரிடத்து அது மெய்யன்று. மூப்பின் இயல்பெனக் கருதப்படும் அத்தளர்ச்சி, நாளொன்றுக்கு 2.4 மைக்கிறோகிராம் அளவே வேண்டப்படும் ஒரு பொருளின் குறைவால் வந்ததாகவும் இருத்தல் கூடும். அப்பொருள் விற்றமின் பி12. மூப்பினின்றும் இக்குறைவைப் பிரித்தறிய மருத்துவ உலகுக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு வேண்டியிருந்தது. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவாம்.

இலண்டன் மாநகரிலுள்ள கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய தொமஸ் அடிசன் என்னும் மருத்துவர், 1849இல், காரணம் புலப்படாத ஒருவகைக் குருதிச்சோகையைப் பற்றி எடுத்துரைத்தார். 1855இல் வெளியிட்ட நூலிலும் அதனைக் குறிப்பிட்டார். நடுவயதைக் கடந்தோரையே இந்நோய் பெரிதும் பற்றியது. நோயாளர் மெல்ல மெல்ல வெளிறிச் சோர்ந்து இறுதியில் மாண்டனர். 1872இல் சூரிச் நகரத்துப் பியேமர் என்பார் இதற்குக் 'கொடிய குருதிச்சோகை' எனப் பொருள்படும் பெயரையிட்டார். பெயர் கிடைத்ததேயன்றி மருந்து கிடைக்கவில்லை.

மருந்துக்கு வழிகாட்டியவர் அமெரிக்க அறிஞராகிய ஜோர்ஜ் விப்பிள். குருதியை வெளியேற்றிச் சோகைக்குள்ளாக்கிய நாய்களுக்கு ஈரலை உண்பித்தபோது அவை விரைவில் தேறின. இதனைக் கண்ட பொஸ்ரன் நகரத்து மருத்துவர்களாகிய ஜோர்ஜ் மைனொற், வில்லியம் மேர்பி ஆகியோர், கொடிய சோகையுற்ற 45 நோயாளருக்கு நாள்தோறும் ஈரலைப் பெருமளவிற் கொடுத்து, அவர்கள் நலம்பெற்றமையை 1926இல் அறிவித்தனர். மூவரும் 1934இல் நோபல் பரிசு பெற்றனர். விப்பிளின் நாய்களுக்கு உதவியது ஈரலிலுள்ள இரும்பு. மைனொற்றின் நோயாளருக்கு உதவியதோ முற்றும் வேறொரு பொருள். இவ்வேறுபாடு பின்னரே தெளிவாயிற்று.

நோயின் மூலத்தை நாடியவர் பொஸ்ரனிலேயே பணியாற்றிய வில்லியம் காசில் ஆவர். மாட்டிறைச்சியைத் தாம் உண்டு, சிறிது நேரத்தின் பின் அதனைத் தம் இரைப்பையிலிருந்து வெளிக்கொணர்ந்து, நோயாளருக்குக் குழாய்வழி ஊட்டினார். அவர்களது குருதி தேறியது. இறைச்சியைத் தனியே கொடுத்தபோதும், இரைப்பை நீரைத் தனியே கொடுத்தபோதும் இப்பயன் விளையவில்லை. உணவிலுள்ள ஒரு காரணியும், நலமுள்ள இரைப்பை சுரக்கும் மற்றொரு காரணியும் கூடினாலன்றிப் பயனில்லை என்பதை 1929இல் அவர் வெளியிட்டார். தட்டில் உணவு நிறைந்திருப்பினும் உடலிற் குறைவு நேரலாம் என்னும் இவ்வுண்மை, முதுமையைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அடிப்படையாய் அமைந்தது.

உணவிலுள்ள காரணி 1948இல் அகப்பட்டது. அமெரிக்காவிற் கார்ள் போக்கர்ஸ் குழுவினரும், இங்கிலாந்தில் லெஸ்ரர் சிமித்தும், ஈரலிலிருந்து சிவந்த பளிங்குகளாக அதனைப் பிரித்தெடுத்தனர். கோபாற்று என்னும் உலோகம் அதன் நடுவே அமைந்திருந்தது. அதன் சிக்கலான கட்டமைப்பை 1956இல் வெளிப்படுத்திய டொறதி ஹொட்ச்கின் அம்மையார் 1964இல் நோபல் பரிசு பெற்றார்.

இத்துடன் வரலாறு முடிந்துவிட்டதென்று பலர் எண்ணினர். குருதியைச் சோதித்தால் நோய் தெரியும். ஊசிமருந்து ஏற்றினால் தீரும் என்பதே அவர் துணிபு. ஆயின், 1940களின் நடுப்பகுதியிற் செயற்கையாக ஆக்கப்பட்ட போலிக் அமிலத்தைக் கொடிய சோகையுற்றோருக்குக் கொடுத்தபோது, குருதி தேறிய சிலரிடத்து நரம்பு நோய் முற்றியது. குருதியும் நரம்பும் ஒருங்கே கெடவேண்டுமென்ற நியதியில்லை என்பது இதனாற் புலனாயிற்று. 1988இல் ஜோன் லின்டன்பாமும் துணைவரும் வெளியிட்ட ஆய்வு இதனை மேலும் உறுதிப்படுத்தியது. பி12 குறைவால் நரம்பும் மனமும் பாதிக்கப்பட்ட 141 பேருள் 40 பேருக்குச் சோகையும் இல்லை. செங்குருதிக் கணங்கள் பருத்தலும் இல்லை. குருதி நன்றாயிருக்கின்றது என்று கூறி அனுப்பப்படுவோருள்ளும் நோயாளர் இருத்தல் கூடும் என்பதே இதன் பொருள்.

அவ்வாறாயின், மருத்துவமனையை நாடாது தத்தம் இல்லங்களில் வாழும் முதியோர் நிலை யாது? விற்றமின் பிரிக்கப்பட்ட அதே 1948ஆம் ஆண்டில், மசாச்சூசெற்ஸ் மாநிலத்துப் பிரேமிங்கம் என்னும் ஊரில், இதயநோயை ஆராயும் நோக்குடன் 5,209 பேரைத் தொடர்ந்து கவனிக்கும் பணி தொடங்கியிருந்தது. அவர்களுள் எஞ்சியிருந்த 548 முதியோரின் குருதியை லின்டன்பாம் குழுவினர் சோதித்து, 1994இல் முடிவை வெளியிட்டனர். முதியோருள் நூற்றுக்கு 40.5 பேரிடத்துப் பி12 அளவு தாழ்ந்திருந்தது. ஒப்புநோக்க எடுத்த இளையோரிடத்து இது 17.9 மட்டுமே. தாழ்ந்த அளவுடையோர் யாவரையும் குறைவுற்றோர் எனக் கொள்ளல் பொருந்தாது. எனவே, உயிரணுவுக்கு இவ்விற்றமின் போதாதபோது குருதியிற் பெருகும் மெதயில்மலோனிக் அமிலம் முதலியவற்றையும் அவர்கள் அளந்தனர். அவ்வாறு நுணுகி நோக்கியபோதும், முதியோருள் நூற்றுக்குப் பன்னிருவர்க்கேனும் உண்மைக் குறைவு உளதெனக் கண்டனர்.

இதன் காரணம் பெரும்பாலும் காசில் கண்ட காரணி அற்றுப்போதலன்று. உணவில் இவ்விற்றமின் புரதத்தோடு பிணைந்துள்ளது. அதனை விடுவிக்க இரைப்பை அமிலம் வேண்டும். முதுமையிற் பலர்க்கு இரைப்பைச் சுவர் நலிந்து அமிலச் சுரப்புக் குன்றுகின்றது. அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளை நெடுநாள் உட்கொள்ளலும், நீரிழிவுக்குரிய மெற்போமின் மருந்தும் இக்குறைவுக்குத் துணைசெய்யும். ஈரலிற் சேமிப்பு உண்டாகையாற் குறைவு வெளிப்பட ஆண்டுகள் பல செல்லலாம். எனினும், பிணைப்பற்ற நிலையிலுள்ள விற்றமினை இத்தகையோர் ஏற்கவல்லர். ஆதலின், ஐம்பது வயதைக் கடந்தோர் தமக்கு வேண்டிய பி12இன் பெரும்பகுதியைச் செறிவூட்டிய உணவாலோ குளிசையாலோ பெறுதல் நன்றென, 1998இல் ஐக்கிய அமெரிக்காவின் மருத்துவ நிறுவகம் அறிவுரை கூறியது.

இதனைக் கேட்டு, முதியோர் யாவரும் குளிசையால் நினைவாற்றலை மீட்கலாம் என்று துணிதலும் பிழையாகும். 2015இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வொன்றில், 75 வயதுக்கு மேற்பட்ட, சோகையற்ற, பி12 ஓரளவு தாழ்ந்த 201 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் ஓராண்டுக்கு நாள்தோறும் ஒரு மில்லிகிராம் பி12 உட்கொண்டும், நரம்பின் தொழிற்பாட்டிலோ அறிவாற்றலிலோ மற்றப் பிரிவினரை விஞ்சவில்லை. அளவு தாழ்தல் வேறு, நோய் வேறு. முன்னதைப் பின்னதென மயங்கலும் பின்னதை மூப்பென மயங்கலும் ஒருங்கே தவிர்க்கத்தக்கன.

மரக்கறி உணவையே கைக்கொள்ளும் சைவக் குடும்பத்தினர் இவ்வரலாற்றைச் சிறப்பாகக் கருத்திற் கொள்ளவேண்டும். பி12ஐ ஆக்குவன நுண்ணுயிர்களேயன்றித் தாவரங்கள் அல்ல. கீரையும் பருப்பும் வேறு பல நலன்களைத் தருவனவாயினும் இதனைத் தரமாட்டா. பாலும் தயிருமே மரக்கறியாளர்க்கு இயல்பாய் அமைந்த வாயில்கள். பசி குன்றிய முதுமையில் அவையும் குறையுமாயின், உணவாலும் இரைப்பையாலும் இருமுனைக் குறைவு நேரும். காலம் தாழ்த்தாது கண்டறிந்த குறைவு தீர்க்கத்தக்கது. நெடுநாள் விடப்பட்ட நரம்புக் கேடோ முற்றும் மீளாதொழியலாம். ஆதலின், இல்லத்து முதியோரின் தளர்ச்சிக்கு வயதைக் காரணங் காட்டுமுன், மருத்துவரை நாடி ஒருமுறை சோதித்தறிதல் இளையோர் கடனாம்.