உல்லம் ஏறிய ஆறு

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பாதையில் இரண்டு மீன்கள் வெளியூரிலிருந்து வந்து இறங்குகின்றன. கொரிய, ஜப்பானிய அதிகாரிகளை நம்பித் திறந்த உணவகங்களுக்குச் சால்மன் வருகிறது. வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்த தொழிலாளர்களுக்காகத் தெர்மோகோல் பெட்டியில் ஐஸுக்கு நடுவே இலிஷ் வருகிறது. அதை எடுத்துக் காட்டிய மீன்கடைக்காரர், "இது பெங்கால்காரங்க மீனுங்க, நம்ம பக்கம் கிடையாது" என்றார். அடிவயிற்றில் ரம்பப் பல் வரிசை, மேல்தாடையின் நடுவில் சிறு பிளவு, உதிரும் வெள்ளிச் செதில். மீன்நூல்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் பொருந்தின. இந்த மீனுக்குத் தமிழில் உல்லம் என்று பெயர். நம் பக்கம் இல்லாத மீனுக்கு நம் பரதவர்கள் எதற்குப் பெயர் வைத்தார்கள்? அது எந்த ஆற்றில் இருந்தது, எப்போது இல்லாமல் போனது என்று தேடத் தொடங்கினேன்.

சால்மனும் உல்லமும் ஒரே குடும்பம் அல்ல. உல்லம் நம் மத்தியின் உறவு. ஆனால் இரண்டுக்கும் வாழ்க்கைமுறை ஒன்றே: கடலில் வளர்ந்து, முட்டையிட நன்னீர் தேடி ஆற்றை எதிர்த்து ஏறும். தென்மேற்குப் பருவமழையில் ஆறு பெருகும்போது உல்லம் கழிமுகத்துக்குள் நுழைகிறது. தமிழ்நாட்டில் ஆனியிலும் ஆடியிலும் வெள்ளம் வந்த பெரிய ஆறு காவிரிதான். குடகு மலையில் பெய்த மழை ஆடிப்பெருக்காகக் கீழே வரும். அந்த வெள்ளத்தின் பெரும்பகுதியைக் கடலுக்குக் கொண்டுபோனது கொள்ளிடம். ஆகவே தேட வேண்டிய இடம் கொள்ளிடக் கரை என்று தெரிந்தது.

முதல் தடயம் பிரான்சிஸ் டே எழுதிய அறிக்கை. சென்னை மாகாணப் படையில் மருத்துவராக இருந்து மீன் ஆய்வாளரானவர் அவர். இந்தியாவிலும் பர்மாவிலும் உள்ள நன்னீர் மீன்களையும் மீன்பிடிப்பையும் பற்றிய அவருடைய அறிக்கை 1873இல் கல்கத்தாவில் அச்சானது. டேயின் விசாரணை ஏன் தொடங்கியது என்பதற்கான விடையில் ஒரு பெயர் வருகிறது: சர் ஆர்தர் காட்டன். ஆறுகளின் குறுக்கே கட்டிய அணைகளை மீன்கள் தாண்ட முடியவில்லை, அதனால் கடலோர மீன்வளமே பாதிக்கப்படலாம் என்று 1867இல் அரசின் கவனத்தை ஈர்த்தவர் அவர்தான். 1836இல் கொள்ளிடத்தின் தலைப்பில் முக்கொம்பு மேலணையையும், கடலை நோக்கி வெகுதூரம் தள்ளி அணைக்கரையில் கீழணையையும் கட்டியவரும் அவரே. வழக்கில் முதல் சந்தேகம் யார்மேல் விழ வேண்டுமோ, அவரே புகார்தாரராகவும் நிற்கிறார்.

அந்தக் கவலை எங்கிருந்து வந்திருக்கும்? காட்டன் அப்போது இந்தியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். இங்கிலாந்தில் 1861இல் சால்மன் மீன்வளச் சட்டம் வந்திருந்தது. புதிதாக அணை கட்டுவோர் மீன் ஏற வழி விட வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று நிறுவும் தாள் என்னிடம் இல்லை. ஆறு ஆண்டு இடைவெளியும், ஒரே கேள்வி இரு நாடுகளிலும் எழுந்ததும் அப்படி நினைக்க இடம் தருகின்றன. பிற்பாடு டே பிரிட்டனின் சால்மன் குடும்பத்தைப் பற்றியே 1887இல் தனிநூல் எழுதினார். அந்தத் தலைமுறை அதிகாரிகள் உல்லத்தைச் சால்மனை அளந்த கோலால்தான் அளந்தார்கள் என்று சொல்வதில் தவறிருக்காது.

டே அறிக்கையின் இன்னொரு பகுதி, உள்ளூர் அதிகாரிகளின் பதில்கள். தாசில்தார்களுக்குக் கேள்விகள் அனுப்பி, எந்த வலை, எவ்வளவு சிறிய கண், எந்தச் சாதியார் மீன் பிடிக்கிறார்கள், மீன் குறைந்ததா கூடியதா என்று எழுதி வாங்கியிருக்கிறார். இந்தப் பதில்களை அப்படியே சாட்சியமாக எடுத்துக்கொள்ளத் தயக்கமாக இருக்கிறது. கேள்வி மேலிடத்திலிருந்து வருகிறது. அதற்குப் பின்னால் தடையோ வரியோ வரலாம் என்ற அச்சம் பதில் சொல்பவருக்கு இருந்திருக்கும். இவற்றிலிருந்து மீனின் எண்ணிக்கையைக் கணக்கிட முடியாது. அணைக்கும் மீனுக்கும் உள்ள உறவு 1870களிலேயே அரசின் பார்வைக்கு வந்துவிட்டது என்பதை மட்டும் உறுதியாகக் கொள்ளலாம்.

கீழணைதான் குற்றவாளி என்ற முடிவுக்கு இந்த இடத்தில் வருவது எளிது. அதைத் தடுத்து நிறுத்தியது அடுத்த தடயம். சர் பிரடெரிக் நிக்கல்சன் 1905இல் சென்னை மாகாணத்தின் மீன்வளப் பணியைத் தொடங்கினார். அவரிடம் மீன்வளர்ப்பு வல்லுநராக இருந்த எச். சி. வில்சன், நீலகிரி ஓடைகளில் டிரவுட் மீனை வளர்த்தவர். டிரவுட் சால்மனுக்கு நேரடி உறவு. அவர் 1909இல் கொள்ளிடத்தில் உல்லத்தின் முட்டையைச் செயற்கையாகக் கருவுறச் செய்து குஞ்சு பொரிக்கவைக்கும் சோதனையைப் பதிவு செய்திருக்கிறார். முட்டை முற்றிய பெண்மீனின் வயிற்றை மெல்ல அழுத்தி முட்டையை வடிப்பது, அதன்மேல் ஆண்மீனின் விந்துநீரைக் கலப்பது, ஓடும் நீரில் வைப்பது என்பதே முறை. சால்மன் முட்டை பொரிக்க வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆகும். உல்லத்தின் முட்டை ஏறக்குறைய ஒரு நாளில் பொரித்துவிடும்.

நம் வழக்குக்கு முக்கியமானது அதன் ஆண்டு. முட்டை முற்றிய உல்லம் ஆற்றுக்குள் கிடைத்தால்தான் இந்தச் சோதனையே நடக்கும். கீழணை கட்டியது 1836. சோதனை 1909. இடையே 73 ஆண்டுகள். அதன்பிறகு பி. சுந்தரராஜ் 1917இல் வங்காள ஆசியக் கழகத்தின் வெளியீட்டில் உல்லத்தின் பழக்கங்களையும் கொள்ளிடத்தில் நடந்த செயற்கைப் பெருக்கத்தையும் பற்றிக் கட்டுரை எழுதுகிறார். ஆக, அணை நின்ற முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகும் மீன் வந்துகொண்டிருந்தது. கீழணை உல்லத்துக்குத் தொல்லை கொடுத்திருக்கலாம். அணையின் அடியில் மீன் குவிந்து, வலைக்கு எளிதாகச் சிக்கியிருக்கலாம். ஆனால் அது மீனை ஒழித்துவிடவில்லை.

ஒரு சுவர் மீனை எப்போது தடுக்கிறது, எப்போது விடுகிறது? இதைப் புரிந்துகொள்ள ஒரகடத்துப் பக்கத்து ஏரிகளே போதும். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி, கலிங்கல் வழியே உபரிநீர் வழியும்போது ஓடையில் கிடந்த கெண்டையும் பனையேறிக் கெண்டையும் நீரை எதிர்த்து ஏறும். ஊர்க்காரர்கள் இதை ஏற்றுமீன் என்பார்கள். கலிங்கல் கல்லில் தண்ணீர் விரலளவே வழியும் நாளில் கெண்டைகள் பாதி தூரம் ஏறிச் சறுக்கி விழுகின்றன. முழங்கால் அளவு வழியும் நாளில் அதே கல்லைக் கல் இருப்பதே தெரியாமல் கடந்துவிடுகின்றன. கல்லின் உயரம் மாறவில்லை, கல்லின்மேல் நின்ற நீரின் ஆழம்தான் மாறியது. காட்டனின் அணைகள் உயரம் குறைந்தவை, ஆற்றின் அகலத்துக்கு நீண்டவை. பெருவெள்ளத்தில் நீர் அவற்றின் தலைக்குமேல் போகும். உல்லம் சால்மனைப் போலத் துள்ளித் தாண்டும் மீன் அல்ல. சால்மன் அணையை ஏறிக் கடக்கக் கண்டுபிடித்த படிக்கட்டு அதற்குப் பயன்படாது. அதற்குத் தேவை ஆழமான, ஓடுகிற வெள்ளம். ஆண்டுதோறும் ஆடியில் அது கிடைத்தவரை கீழணையோடு அதனால் வாழ முடிந்தது என்பது என் ஊகம்.

இந்த ஊகத்தைச் சோதிக்க வடக்கே ஓர் ஆறு இருக்கிறது. கோதாவரியில் தவளேஸ்வரம் அணையைக் கட்டியவரும் காட்டன்தான், 1852இல் முடிந்தது. அங்கே ஆறேறி வரும் இதே மீனைப் புலசா என்கிறார்கள். தாலியை விற்றாவது புலசா தின்ன வேண்டும் என்பது கோதாவரிக் கரையின் பழமொழி. ஆடி, ஆவணியில் ஏனாமிலும் ராஜமுந்திரியிலும் ஒரு மீனுக்கு ஆயிரக்கணக்கில் விலை போகிறது. வரத்து முன்போல் இல்லை, ஆனாலும் மீன் வருகிறது. கட்டியவர் ஒருவர், மீன் ஒன்று, அவர் கட்டிய அணையின் வகையும் ஒன்று. கோதாவரியில் பருவவெள்ளம் இன்னும் கடலைத் தொடுகிறது. காவிரியில் ஆண்டுதோறும் தொடுவதில்லை. வேறுபாடு அங்கேதான்.

இனி விசாரிக்க வேண்டியது 1930களின் காவிரியை. மேட்டூர் அணை 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது. கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அதற்குமுன் ஜூன், ஜூலை வெள்ளம் தடையின்றி வந்து, பாசனக் கால்வாய்கள் தாங்காத நீரெல்லாம் கொள்ளிடத்தில் பாய்ந்தது. அதன்பின் முதல் வெள்ளம் நீர்த்தேக்கத்தை நிரப்பவே போனது. திறந்துவிட்ட நீரும் கணக்கோடு காவிரி, வெண்ணாற்றுப் பாசனத்துக்குப் பிரிந்தது. கொள்ளிடத்துக்கு மிச்சமானது உபரி மட்டுமே. உல்லம் கழிமுகத்துக்கு வரும் மாதத்தில் அதை உள்ளே அழைக்க வேண்டிய நன்னீர் வரவில்லை. மேட்டூர் கடலிலிருந்து நெடுந்தொலைவில் இருக்கிறது. மீனின் பாதையில் அது குறுக்கே நிற்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

இதற்கு எழுத்துச் சாட்சியம் தருபவர், 1917இல் உல்லத்தின் பெருக்கத்தைப் பற்றி எழுதிய அதே சுந்தரராஜ். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராகிவிட்ட அவர், 1941இல் இந்திய அறிவியல் அகாடமியின் இதழில் அணைகளும் மீன்வளமும் என்ற பொருளில், மேட்டூர் இந்தியாவுக்குச் சொல்லும் பாடங்கள் என்று ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரே மனிதர் ஒரே மீனை அணைக்கு முன்னும் பின்னும் பார்த்து எழுதிய இரண்டு கட்டுரைகள் இவை. இவற்றை அடுத்தடுத்து வைத்தபோதுதான் இந்தத் தேடலின் நடுப்புள்ளிக்கு வந்துவிட்டேன் என்று உணர்ந்தேன். பின்வந்த மீன்வள எழுத்துகளும் காவிரி உல்லத்தின் வீழ்ச்சியை மேட்டூரோடு சேர்த்தே பேசுகின்றன.

ஆனாலும் 1934 என்ற ஒற்றை ஆண்டில் பழியை வைக்கக் கூடாது. மைசூர் அரசு 1911இல் தொடங்கிய கிருஷ்ணராஜ சாகர் மேட்டூருக்கு முன்பே காவிரி வெள்ளத்தைத் தேக்கத் தொடங்கிவிட்டது. அதன் கொள்ளளவு சுமார் 49 டி.எம்.சி. முட்டையிட வந்த மீனை அணைக்கடியில் பிடித்ததும் ஒரு காரணமாக இருந்திருக்கும். கிடைக்கும் சாட்சியங்களை எடைபோட்டால், கீழணை மீனை நெருக்கியது, வலை அதைக் குறைத்தது, மேலே தேக்கிய நீர்த்தேக்கங்கள் அது ஏறும் பருவத்தையே ஆற்றிலிருந்து எடுத்துவிட்டன என்ற வரிசைக்குத்தான் வர முடிகிறது.

மேட்டூரால் டெல்டாவுக்கு நிலையான பாசனம் கிடைத்தது. கீழணையிலிருந்து வடவாறு வழியே வீராணம் ஏரிக்குப் போகும் நீர் 2004 முதல் சென்னைக்கும் வருகிறது. அணைகளை இடித்துவிடலாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் கொள்ளிடத்தில் கட்டுமானம் இன்றும் நிற்கவில்லை. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் மதகுகள் அடித்துச் செல்லப்பட்ட பிறகு புதிய கதவணை கட்டினார்கள். கீழணைக்கும் கீழே ஆதனூர்–குமாரமங்கலம் இடையே இன்னொரு கதவணைப் பணி நடந்தது. ஒவ்வொன்றுக்கும் பாசனக் கணக்கு, வெள்ளக் கணக்கு, கடல்நீர் ஏறாமல் தடுக்கும் கணக்கு உண்டு. மீன் ஏறும் கணக்கும் சேர வேண்டும் என்பதே இந்தப் பழைய தாள்கள் கேட்பது.

செய்யக்கூடியது கற்பனை அல்ல. பராக்கா அணைக்கு மேலே கங்கையில் உல்லத்தைக் கொண்டுபோய் விடும் பணியைப் பாரக்பூரில் உள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் செய்துவருகிறது. உல்லத்தைச் செயற்கையாகப் பெருக்கும் முயற்சி 1909இலேயே கொள்ளிடக் கரையில் நடந்துவிட்டது. மேட்டூர் நிரம்பி வழியும் ஆண்டுகளில் ஆடி வெள்ளம் இன்றும் கொள்ளிடம் வழியே கடலுக்குப் போகிறது. அந்த வாரங்களில் கதவுகளை எந்த அளவு, எத்தனை நாள் திறந்து வைத்தால் மீன் உள்ளே வரும் என்று அளந்து பார்க்கலாம். கழிமுகத்து மீனவர்களின் வலையில் உல்லம் விழுகிறதா என்று நாள்தோறும் பதிவு செய்யலாம். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், ஒரு பதிவேடும் அதை விடாமல் எழுதும் ஆளும் போதும். நூறாண்டுக்கு முன் அப்படி எழுதிவைத்தவர்கள் இருந்ததால்தான் இந்த மீன் நம் ஆற்றில் வாழ்ந்தது என்று இன்று சொல்ல முடிகிறது.